வினாப்பட்டியலின் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு மடல்

ஆட்டிசத்தையும் மனநலத்தையும் சேர்த்து ஆராய்ந்துவரும் உளவியல் ஆய்வாளர்களுக்கும், அவர்களுடைய ஆய்வுத் திட்டங்களை மதிப்பிட்டு நிதி ஒதுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

எனக்கு ஆட்டிசம் இருப்பது 34ஆம் வயதில்தான் உறுதிசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய 11 ஆண்டுகள் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிகிச்சை பெற்றுவந்தேன். மருந்துகள் மாறின, மருத்துவர்கள் மாறினார்கள். நான் நிரப்பித் தந்த வினாப்பட்டியல்கள் மட்டும் மாறவில்லை. ஆட்டிசம் உறுதியான பிறகு, என்னைப் போன்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று பல ஆய்வுகளில் பங்கேற்பாளராகச் சேர்ந்தேன். அங்கேயும் அதே வினாப்பட்டியல்கள் என் முன் வந்து நின்றன. இந்த மடலில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் மனநலத்தை எந்தக் கேள்விகளால் அளக்கிறீர்களோ அந்தக் கேள்விகள் எங்களை நினைத்து எழுதப்பட்டவை அல்ல; அவற்றைத் திருத்தி எழுதாதவரை, அவற்றின் மேல் எழுப்பப்படும் முடிவுகளையும் சிகிச்சைகளையும் எங்களால் முழுதாக நம்ப முடியாது.

மனச்சோர்வை அளக்க நீங்கள் அனைவரும் அறிந்த பி.எச்.க்யூ-9 என்ற வினாப்பட்டியலையே எடுத்துக்கொள்கிறேன். 2001இல் வெளியான, ஒன்பதே கேள்விகள் கொண்ட, உலகெங்கும் பொது மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கருவி அது. கடந்த 2 வாரங்களில் தூக்கம் கெட்டதா, பசி குறைந்ததா அல்லது கூடியதா, கவனம் சிதறியதா, பிறர் கவனிக்கும் அளவுக்கு அசைவுகள் மந்தமாயினவா அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாமல் நிலைகொள்ளாது இருந்தீர்களா என்று அது கேட்கும். என் தூக்கம் நினைவு தெரிந்த நாள் முதலே ஒழுங்கற்றது. உணவின் பதமும் வாசனையும் ஒத்துவராவிட்டால் எனக்குப் பசி எடுப்பதில்லை. மகிழ்ச்சியாக இருக்கும்போதும் நான் முன்னும் பின்னும் அசைந்துகொண்டுதான் இருப்பேன். ஆகவே, நான் நன்றாக இருக்கும் வாரத்திலும் இந்தக் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் எழுதினால், மொத்தம் 27 மதிப்பெண்களில் மனச்சோர்வை ஐயுறத்தக்க வரம்பாகக் கருதப்படும் 10ஐ எளிதாகத் தொட்டுவிடுகிறேன். இதில் வேடிக்கை என்னவென்றால், உண்மையிலேயே வீழ்ந்து கிடந்த மாதங்களில் என் மதிப்பெண் ஏறக்குறைய அதே அளவில்தான் இருந்தது. செயல்களில் ஆர்வமோ இன்பமோ குறைந்ததா என்ற முதல் கேள்விக்கு அப்போது ‘இல்லை’ என்றே எழுதினேன், ஏனென்றால் எனக்குப் பிடித்த பழைய வரைபடங்களை நாள் முழுக்கப் பார்த்து வகைப்படுத்திக்கொண்டே இருந்தேன். அது இன்பத்துக்காகச் செய்ததன்று. மற்ற எதையும் நினைக்காமல் இருப்பதற்காக எழுப்பிக்கொண்ட சுவர். அந்த வேறுபாட்டைச் சொல்ல அந்தத் தாளில் இடம் இருக்கவில்லை.

குறை அந்தக் கருவியின் மேல் இல்லை. அது யாருக்காக உருவாக்கப்பட்டதோ அவர்களிடம் நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு கருவியை ஒரு மக்கள் திரளிடம் சோதித்துவிட்டு, இன்னொரு திரளிடம் சோதிக்காமலே பயன்படுத்துவதும், அதில் கிடைத்த எண்ணை அட்டவணையில் ஏற்றுவதும்தான் குறை. மொழி மாறும்போது மொழிபெயர்ப்பைத் திரும்பவும் சரிபார்க்க வேண்டும் என்று நீங்களே மாணவர்களுக்குக் கற்பிக்கிறீர்கள். (தமிழில் மனச்சோர்வையும் மன அழுத்தத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் புழங்கும் படிவங்களை நிரப்பியவன் என்ற முறையில் அந்தக் கவனத்தின் அருமை எனக்குத் தெரியும்.) மொழி மாறாமல், கேள்வியை வாங்கிக்கொள்ளும் மனத்தின் அமைப்பு மாறும்போதும் அதே சரிபார்ப்பு வேண்டும் என்பது ஏன் இவ்வளவு தாமதமாக உறைத்தது என்பதுதான் புரியவில்லை.

தன் உணர்ச்சியை இன்னதென்று அடையாளம் காணவும் சொல்லில் வைக்கவும் முடியாமல் தடுமாறும் நிலையை அலெக்சிதைமியா என்கிறீர்கள். 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி ஆட்டிச நிலையாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் அது காணப்படுகிறது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட மற்றவர்களிடம் அது சுமார் 5 சதவீதமே. ஜெஃப்ரி பேர்ட் முதலியோரின் ஆய்வுகள் ஒரு படி மேலே போய், ஆட்டிசத்தின் இயல்பு என்று நெடுங்காலம் எழுதப்பட்டுவந்த உணர்ச்சி சார்ந்த தடுமாற்றங்கள் பலவற்றுக்கு இந்த அலெக்சிதைமியாவே காரணமாக இருக்கலாம் என்று காட்டின. இதை ஏற்றுக்கொண்ட அதே துறை, ‘கடந்த வாரம் எவ்வளவு சோகமாக உணர்ந்தீர்கள்’ என்று கேட்டு, 0 முதல் 3 வரை ஓர் எண்ணை வட்டமிடச் சொல்கிறது. எனக்குத் துயரம் முதலில் வயிற்றில் வரும். சில நாட்கள் கழித்து, வேறு யாராவது சுட்டிக்காட்டிய பிறகுதான் அதன் பெயர் தெரியவரும். வயிற்றுவலியைப் பற்றிக் கேட்டிருந்தால் எந்த நாள், எந்த நேரம் என்பதுவரை துல்லியமாகச் சொல்லியிருப்பேன்.

இதையெல்லாம் வெறும் சலிப்பாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, இந்தத் துறையிலேயே செய்யப்பட்ட, நான் பெரிதும் மதிக்கும் ஒரு பணியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சாரா காசிடி என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வளர்ந்த பிறகு இங்கிலாந்தில் ஒரு சிறப்பு மருத்துவமனையில் ஆஸ்பெர்கர் நிலை (ஆட்டிசத்தின் ஒரு வகைக்கு அப்போது வழங்கிய பெயர்) உறுதிசெய்யப்பட்ட 374 பேரின் பதில்களைத் தொகுத்தபோது, அவர்களில் 66 சதவீதத்தினர் வாழ்வில் எப்போதாவது தற்கொலை எண்ணம் கொண்டிருந்ததாகவும், 35 சதவீதத்தினர் அதற்குத் திட்டமிட்டோ முயன்றோ இருந்ததாகவும் தெரியவந்தது. அதுவரை ஆட்டிசம் என்றால் குழந்தைப் பருவத்து விஷயம் என்ற நினைப்பிலேயே இருந்த பலரை அந்த எண்கள் திடுக்கிட வைத்தன. மற்றொருவராக இருந்திருந்தால் அந்த எண்களையே மேலும் பெரிய திரள்களில் எண்ணிக்கொண்டு காலம் கழித்திருக்கலாம். காசிடியின் குழு அத்துடன் நிற்காமல், தாங்கள் கேட்கும் கேள்விதான் எதிரில் இருப்பவரிடம் போய்ச் சேருகிறதா என்று கேட்டுப் பார்த்தது.

தற்கொலை அபாயத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் நான்கு கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. அதை ஆட்டிச நிலையாளர்களிடமே கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னபோது, பட்டியலின் அடித்தளத்திலேயே விரிசல் தென்பட்டது. உங்கள் எண்ணத்தை யாரிடமாவது சொன்னதுண்டா என்ற கேள்வி, சொல்வதற்கு ஒருவர் இருக்கிறார் என்றும், சொல்ல முடியும் என்றும் எடுத்துக்கொள்கிறது. சொல்ல ஆளில்லாதவரும், சொல்லும் வழி தெரியாதவரும் ‘இல்லை’ என்று எழுதும்போது அபாயம் குறைவு என்று கணக்கிடப்படுகிறது. வருங்காலத்தில் இதைச் செய்வதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்ற கேள்வியோ, இன்னும் வராத ஒரு சூழ்நிலையைக் கற்பனை செய்து அதற்கு நிகழ்தகவு போடச் சொல்கிறது. பிறகு ஆட்டிச நிலையாளர்களுடன் சேர்ந்தே சொற்களைத் திருத்தி, பதிலளிக்கும் முறையைத் தெளிவாக்கி, புதிய வடிவத்தைச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். பரபரப்பான தலைப்புச் செய்தியாக வரக்கூடிய வேலையன்று அது. ஒரு சொல்லை எடுத்து இன்னொரு சொல்லை வைத்து, மறுபடியும் கேட்டுப் பார்க்கும் தச்சு வேலை. என் வாழ்க்கையில் மனநலத் துறை எனக்காகச் செய்த மிகப் பெரிய காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் எத்தனை பட்டியல்களுக்கு இந்த வேலை நடந்திருக்கிறது? பதற்றத்தைப் பாருங்கள். ஆட்டிசக் குழந்தைகளின் பதற்றத்தை ஆராய்ந்த கானர் கெர்ன்ஸ் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 59 பேரில் 17 சதவீதத்தினரிடம் வழக்கமான வகைப் பதற்றமும், 15 சதவீதத்தினரிடம் எந்தப் பாடநூல் வகையிலும் சரியாக அடங்காத பதற்றமும், 31 சதவீதத்தினரிடம் இரண்டும் கலந்தும் இருந்தன. அடங்காத வகை என்பது என்ன? சிறு மாறுதல் வரப்போகிறது என்பதிலும், ஒரு குறிப்பிட்ட ஓசை எப்போது எழும் என்று தெரியாததிலும் பிறக்கும் அச்சம். சமூகப் பதற்றத்தை அளக்கும் பட்டியல் கூட்டங்களைத் தவிர்க்கிறீர்களா என்று கேட்கும். நான் ஆம் என்பேன். மனிதர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற அச்சத்தால் தவிர்க்கிறேனா, நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சலால் தவிர்க்கிறேனா என்று கேட்காது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு சிகிச்சையகத்தில், என் தவிர்ப்பை அச்சம் என்று முடிவுகட்டி, பழகினால் சரியாகிவிடும் என்று வாரம் ஒரு முறை இரைச்சலான கூடத்தில் அரைமணி நேரம் உட்காரச் சொன்னார்கள். எட்டு வாரங்கள் உட்கார்ந்தேன். இரைச்சல் பழகவில்லை. பழகிவிட்டது என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

இந்தக் கடைசி வாக்கியத்துக்கும் உங்கள் துறையில் பெயர் உண்டு. லாரா ஹல் முதலியோர் 92 பேரிடம் கேட்டு 2017இல் எழுதிய கட்டுரையும், அதன் வழியே 2019இல் உருவாக்கிய 25 கேள்விகள் கொண்ட பட்டியலும், ஆட்டிச நிலையாளர்கள் தங்கள் இயல்பை எப்படி மறைத்து, ஈடுகட்டி, கலந்துபோக முயல்கிறார்கள் என்பதைப் பதிவு செய்தன. அந்த மறைப்பும், கிடைக்காமல் போன உதவிகளும் தற்கொலை அபாயத்தோடு தொடர்புடையவை என்று காசிடி குழுவின் 2018ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. ஆனால் மறைப்பைப் பற்றி எழுதிய துறையே அதை மறந்துவிட்டு, அறைக்குள் அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது. ‘கண்ணைப் பார்த்துப் பேசுகிறீர்கள், வேலைக்கும் போகிறீர்கள், உங்களுக்கு ஆட்டிசமா?’ என்று ஒரு மனநல மருத்துவர் என்னிடம் கேட்டார். நான் அவருடைய புருவங்களுக்கு நடுவில் இருந்த ஒரு சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளி நாட்களில் நானே கண்டுபிடித்த உத்தி அது.

மறைப்பின் முடிவில் வருவதை ஆட்டிச நிலையாளர்கள் நெடுநாளாக ‘பர்ன்அவுட்’ என்று தங்களுக்குள் அழைத்துவந்தார்கள். டோரா ரேமேக்கர் முதலியோர் அதை 2020இல்தான் ஆய்வுக்குரிய கருத்தாக வரையறுத்தார்கள்: தீராத களைப்பு, செய்யத் தெரிந்தவற்றைச் செய்ய முடியாமல் போவது, ஒளியும் ஒலியும் முன்பைவிடத் தாங்க முடியாததாவது. மேலோட்டமாகப் பார்த்தால் இது மனச்சோர்வுதான். ஆனால் மனச்சோர்வு என்றால், ‘வெளியே போங்கள், நாலு பேரைப் பாருங்கள், செயல்களைக் கூட்டுங்கள்’ என்பார்கள். என் போன்றவர் அந்த நிலையில் இருக்கும்போது தேவைப்படுவது கதவைச் சாத்திக்கொண்டு, மறைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எதுவும் செய்யாமல் கிடக்கும் சில வாரங்கள். இரண்டையும் பிரித்தறியும் கேள்விகள் வழக்கமான படிவங்களில் இல்லை. தவறான பெயர் வைத்தால் தவறான மருந்துதான் வரும்.

கேள்வியைத் திருத்துவதால் உண்மையில் பயன் உண்டா என்று நிதிக் குழுவினர் கேட்கக்கூடும். சிகிச்சைகளில் இதற்கு விடை இருக்கிறது. ஜெஃப்ரி வுட் தலைமையில் 167 ஆட்டிசக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், ஆட்டிசத்துக்கு ஏற்றவாறு மாற்றி அமைக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சை), வழக்கமான வடிவத்தைவிட பதற்றத்தைக் கூடுதலாகக் குறைத்தது. மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, வளர்ந்த ஆட்டிச நிலையாளர்களுக்கான தன் வழிகாட்டுதலில், உருவகங்களைத் தவிர்த்து நேரடியாகப் பேசவும், எழுத்தையும் படங்களையும் கூடுதலாகப் பயன்படுத்தவும், இடைவேளை விடவும் 2012இலேயே பரிந்துரைத்தது. அளப்பதற்கு மட்டும் ஏன் பழைய கோலையே வைத்திருக்கிறோம்?

இதற்கு ஒரு பழைய காரணம் இருப்பதாக நினைக்கிறேன். 1943இல் லியோ கன்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியதிலிருந்து, இந்தத் துறையில் பார்ப்பவர் ஒரு பக்கமும் பார்க்கப்படுபவர் மறுபக்கமும் இருந்துவந்திருக்கிறார்கள். புரிதலில் இடைவெளி ஏற்பட்டால் அது எப்போதும் பார்க்கப்படுபவரின் குறையாகவே எழுதப்பட்டது. தானும் ஆட்டிச நிலையாளரான டேமியன் மில்டன் 2012இல், இடைவெளி இரு பக்கமும் இருக்கிறது, ஒருவர் மனம் மற்றவருக்குப் புரியாமை பரஸ்பரமானது என்று எழுதினார். 2017இல் நோவா சேசன் முதலியோர் அதற்கு மறுபக்கத்திலிருந்து ஒரு சான்று தந்தார்கள்: ஆட்டிச நிலையாளர்களைச் சில நொடிகள் பார்த்தோ கேட்டோ மதிப்பிட்டவர்கள் அவர்களோடு பழக விருப்பம் குறைவாகக் காட்டினார்கள், அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தபோது அந்த விலகல் மறைந்துவிட்டது. வினாப்பட்டியலும் ஓர் உரையாடல்தான். அதில் புரிதல் தவறினால் இரு முனைகளையும் சோதிக்க வேண்டும்.

இனி, எனக்கே சங்கடம் தரும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படியொரு மடலை எழுத முடிகிறவர்கள்தான் உங்கள் ஆய்வுகளை நிரப்பியிருக்கிறோம். ஜினி ரஸ்ஸல் முதலியோர், 2016இல் ஆட்டிச ஆய்விதழ்களில் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2019இல் எழுதியதன்படி, அவற்றில் பங்கேற்ற ஆட்டிச நிலையாளர்களில் 94 சதவீதத்தினர் அறிவுத்திறன் குறைபாடு இல்லாதவர்கள். பேச்சில்லாதவர், படிவத்தைப் படிக்க இயலாதவர், பராமரிப்பவர் வழியாக மட்டுமே அறியப்படுபவர் ஆகியோரின் மனச்சோர்வை யார் கேட்டார்கள்? அவர்கள் தலையை மோதிக்கொண்டால் அது ‘நடத்தைப் பிரச்சினை’ என்ற பெட்டியில் விழுகிறது. இழப்பின் துயரமாகவோ, சொல்ல முடியாத பல்வலியாகவோ இருக்கலாம் என்று யோசிக்கப்படுவதில்லை. எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடும் இந்தப் பழக்கம், என்னைவிட அவர்களையே பல மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. எனக்காவது தவறாக எழுதப்பட்ட கேள்வி கிடைத்தது.

இன்னொரு திரளும் உங்கள் அட்டவணைகளில் இல்லை: ஆட்டிசம் இருப்பதே கண்டறியப்படாமல் இறந்தவர்கள். இங்கிலாந்தில் தற்கொலையால் இறந்த 372 பேரின் விசாரணை ஆவணங்களைக் காசிடி குழு ஆராய்ந்து 2022இல் வெளியிட்டபோது, அவர்களில் 10.8 சதவீதத்தினரின் ஆவணங்களில் ஆட்டிசத்துக்கான அடையாளங்கள் கூடுதலாகத் தென்பட்டன. பொது மக்களில் ஆட்டிச நிலையாளர்களின் விகிதம் அதற்குப் பத்தில் ஒரு பங்கு அளவே.

எண்களைப் பற்றி ஒரு சிறு விண்ணப்பம். ஸ்வீடனில் 27,000க்கும் மேற்பட்ட ஆட்டிச நிலையாளர்களின் பதிவுகளைக் கொண்டு 2016இல் வெளியான ஆய்வில், ஆய்வுக் காலத்தில் இறந்தவர்களின் சராசரி வயது சுமார் 54 என்று இருந்தது. அது ஆயுட்காலம் அன்று. இறந்தவர்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. இன்னும் உயிரோடிருக்கும் பெரும்பான்மையினர் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் ‘ஆட்டிசம் உள்ளவர்கள் 54 வயது வரைதான் வாழ்வார்கள்’ என்று அது பரவியது. ஆட்டிசம் உறுதியான அதே மாதத்தில் நான் அதைப் படித்தேன். உங்கள் கட்டுரை எங்கள் கைக்கும் வரும் என்பதை மனத்தில் வைத்து எழுதுங்கள்.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு பட்டியலையும், முதல் தரவைத் திரட்டுவதற்கு முன், ஆட்டிச நிலையாளர்கள் சிலரோடு கேள்வி கேள்வியாக உட்கார்ந்து படியுங்கள். அந்த நேரத்துக்கு ஊதியம் தாருங்கள். திட்ட மதிப்பீட்டில் அதற்கென ஒரு வரியை ஒதுக்குங்கள். நிதிக் குழுவினரே, அந்த வரி இல்லாத விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புங்கள். பிரிட்டனில் ஆட்டிச ஆய்வுக்கான நிதியில் பாதிக்கும் மேல் உயிரியல், மூளை, அறிதிறன் ஆகியவற்றுக்கே போனதையும், ஆட்டிச நிலையாளர்களும் குடும்பத்தினரும் அன்றாட வாழ்வுக்கு உதவும் ஆய்வுகளையே கூடுதலாகக் கேட்டதையும் லிஸ் பெல்லிக்கானோ முதலியோர் 2014இல் எடுத்துக்காட்டினார்கள். பேச்சில்லாதவர்களின் துயரை எதைக் கொண்டு அறிவது என்பதை ஒரு தனி ஆய்வுக் கேள்வியாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். கடினமானது என்பதால், ஆய்வில் யாரைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லும் விலக்கு விதிகளில் ஒன்றாக எழுதிவிடாதீர்கள்.

மற்றொன்று, எளிமையானது. சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, கணினியில் ஓர் ஆய்வுக்காகச் சாவைப் பற்றிய பதினேழு கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதினேன். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் ‘பங்கேற்றதற்கு நன்றி’ என்ற ஒரு வரி வந்தது, பிறகு திரை வெண்மையானது. அந்த வெள்ளைத் திரைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தில் ஒரு மனிதர் மறுநாள் தொடர்புகொள்வார் என்ற தகவலோ, குரலில் பேச வேண்டிய கட்டாயம் இல்லாமல் எழுத்தில் உதவி கேட்கும் ஒரு வழியோ இருந்திருக்கலாம். இல்லையென்றால் அந்தப் பதினேழு கேள்விகளைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டா என்று உங்கள் நெறிமுறைக் குழுவிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த ஆய்வுக்கு அழைப்பு வந்தால் நான் மறுக்கப்போவதில்லை. கேள்விகளை ஒரு வாரம் முன்னதாக அனுப்பிவையுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, ‘இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?’ என்று கேட்டு மூன்று வரி இடம் விடுங்கள். அந்த மூன்று வரிகளையும் யாராவது படிப்பார்கள் என்று எழுத்தில் உறுதி தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆய்வுகள் சிலவற்றில் ஒரு பங்கேற்பாளர் எண்